விக்கிபீடியா என்ன பொன்னாடையா?

இந்தப் பதிவைப் படிச்சா எங்க மாமா கோவிச்சுக்குவார். ஏற்கெனவே கோவமாத்தான் இருக்கார்ங்கறதால புதுசா நஷ்டம் ஒண்ணும் இல்லை :-)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள மாமா ஒரு மஞ்சப்பையோட வந்து உக்காந்துட்டார். பைக்குள்ள எங்க ஊர் சபாவோட பொன்விழா மலர். "டேய், நீ எந்நேரமும் கம்ப்யூட்டர்லதானே கிடக்க. நம்ம சபாவை விக்கிபீடியாவுல ஏத்திடு. மெட்ராஸ் சபாவுக்கெல்லாம் பக்கம் இருக்காம்ல? நமக்கென்ன குறைச்சல்?"

மாமா இருபது வருஷத்துக்கும் மேல அந்தச் சபாவுக்குச் செயலாளர். மழை வந்தா பந்தல் மேல ஏறித் தார்ப்பாய் கட்டினவர். வித்வானுக்குச் சன்மானம் கொடுக்கப் பணம் பத்தாம அத்தையோட வளையலை அடகு வெச்சவர் (அத்தை இன்னும் மறக்கலை). அப்படிப்பட்ட மனுஷன் ஆசையா கேக்கறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது? வாங்கிட்டு வந்து பஸ்ல உக்காந்து படிச்சேன்.

140 பக்கம். பாதிக்கு மேல ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரம். வாழ்த்துரை பதினாலு. சபா வரலாறுன்னு மூணே மூணு பக்கம். அந்த மூணு பக்கத்துல 'மாபெரும்' பதினோரு தடவை, 'தன்னலமற்ற' ஒம்போது தடவை. (எண்ணினேன். பஸ்ல வேற என்ன வேலை?) யார் யார் பாடினாங்க? 'முன்னணி வித்வான்கள் அனைவரும்.' எந்த வருஷம்? 'அந்நாளில்.' டிக்கெட் எவ்வளவு, எத்தனை பேர் வந்தாங்க, சினிமாக் கொட்டகை பக்கத்துலயே இருந்தும் கூட்டம் எப்படி நின்னுச்சு? ஒரு வரி கிடையாது.

அப்புறம் இந்த வாக்கியம்: 'பின்னர் சில காரணங்களால் சபா சிறிது காலம் செயல்படாமல் இருந்தது.'

சில காரணங்களால்! அந்தச் சில காரணம் ஊர்ல பால்காரருக்குக் கூடத் தெரியும். கட்டட நிதிக்காக சினிமாப் பாட்டு மெல்லிசைக் கச்சேரி வைக்கலாமா கூடாதான்னு கமிட்டி ரெண்டா உடைஞ்சுது. ஒரு கோஷ்டி வெளிய போய் ரெண்டு தெரு தள்ளி இன்னொரு சபா ஆரம்பிச்சாங்க. நாலு வருஷம் ஒரே ஊர்ல ரெண்டு ராமநவமி உற்சவம், ஒரே நேரத்துல ரெண்டு மைக் செட். கேஸ் வேற. ஐம்பது வருஷத்துல அந்தச் சபாவுக்கு நடந்ததுலயே முக்கியமான சம்பவம் அதுதான். இசைன்னா எது, யாருக்காக, யார் காசுல அப்படின்னு ஒரு சின்ன ஊர் நெஜமாவே சண்டை போட்டிருக்கு. அதை ரெண்டு வார்த்தையில மூடிட்டாங்க.

மாமாவுக்கு போன் பண்ணி, இதை அப்படியே போட்டா ஒரே நாள்ல தூக்கிடுவாங்க, போடவும் கூடாதுன்னு சொன்னேன். அவர் கேட்டார்: "அப்ப எப்படிடா எழுதணும்? திட்டி எழுதணுமா?"

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடலை. நம்மாளுங்களுக்கு ஒரு கலை அமைப்பைப் பத்தி எழுத ரெண்டே ரெண்டு கியர்தான் தெரியும். ஒண்ணு பொன்னாடை, இன்னொண்ணு செருப்பு. நடுநிலைன்னு சொன்னா ரெண்டையும் பாதிப் பாதி கலந்து அடிக்கறதுன்னு நினைச்சுக்கறாங்க.

மெட்ராஸ் மியூசிக் அகாதெமியையே எடுத்துக்குவோம். அதைப் பத்தி 'கர்நாடக இசையின் கோட்டை, உலகப் புகழ் பெற்ற பாரம்பரியச் சின்னம்'னு ஒருத்தர் எழுதறார்னு வைங்க. படிச்சு முடிச்சா உங்களுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அதே இடத்துல இப்படி எழுதிப் பாருங்க: 1927 டிசம்பர்ல காங்கிரஸ் மாநாடு மெட்ராஸ்ல நடந்தப்ப கூடவே ஒரு அகில இந்திய இசை மாநாடும் நடந்தது, அதோட விளைவா 1928-ல அகாதெமி தொடங்கியது. ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கற கலைஞருக்கு 1942-ல இருந்து சங்கீத கலாநிதின்னு பட்டம் கொடுத்தாங்க. அதை வாங்கின முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, வருஷம் 1968.

ஒரு உரிச்சொல் கிடையாது. ஆனா 1942-க்கும் 1968-க்கும் நடுவுல இருக்கற இருபத்தாறு வருஷத்தை படிக்கறவங்க தானே கணக்குப் போட்டுக்குவாங்க. அரசியல் மாநாட்டோட திண்ணையில ஒரு சங்கீத சபா பிறந்ததும் அவங்களுக்குப் புரியும். அகாதெமி மேல பக்தி இருக்கறவருக்கும் இதுல மறுக்க எதுவும் இல்லை, கோவம் இருக்கறவருக்கும் இல்லை. எங்க ஆபீஸ்ல ஒரு பக் ரிப்போர்ட் எழுதினா 'இந்த அருமையான மென்பொருள் துரதிர்ஷ்டவசமாக'ன்னு எவனாவது ஆரம்பிப்பானா? எந்த வெர்ஷன், என்ன பண்ணினேன், என்ன ஆச்சு. அவ்வளவுதான். அந்த ஒழுங்கு வீட்டுக்கு வந்து கலைன்னு உக்காந்த உடனே எங்க போய்த் தொலையுதுன்னுதான் தெரியலை.

உரிச்சொல்லாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும், வெட்டிடலாம். ஆபத்து வினைச்சொல்லுல இருக்கு. பரதநாட்டியம் சம்பந்தப்பட்ட எந்த அமைப்பைப் பத்தி எழுதினாலும் ஒரு வினைச்சொல் தானா வந்து உக்காந்துக்கும்: 'மீட்டெடுத்தது'. கூடவே 'புத்துயிர் அளித்தது'. கௌரவமான வார்த்தைகள்தான், நானே எழுதியிருக்கேன். ஆனா கொஞ்சம் நின்னு கேளுங்க. மீட்டதுன்னா யார்கிட்ட இருந்து? செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

நடந்தது என்னன்னா, 1931-ல மியூசிக் அகாதெமி மேடையில ஆடினது கல்யாணியோட மகள்கள், தேவதாசி மரபுல வந்தவங்க. அந்த முயற்சிக்குப் பின்னால இருந்த ஈ. கிருஷ்ண ஐயர் பிராமண வக்கீல். 1935-ல அடையாறு தியசாபிகல் சொசைட்டியில ருக்மிணி தேவி மேடையேறினார், அவருக்குக் கத்துக் கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1936-ல கலாக்ஷேத்ரா. 1947-ல தேவதாசியா பொட்டுக் கட்டறதைத் தடை பண்ணி மெட்ராஸ் மாகாணத்துல சட்டம் வந்தது. அந்த மரபுலயே பிறந்த பாலசரஸ்வதி, நடனத்தைச் சுத்தப்படுத்தறேன்னு சிருங்காரத்தைக் குறைக்கறதை வெளிப்படையாவே மறுத்தவர். அவருக்கு அகாதெமி சங்கீத கலாநிதி கொடுத்தது 1973-ல.

இவ்வளவையும் வரிசையா வெச்சுட்டு 'மீட்டெடுத்தது'ன்னு எழுதினா, அந்த ஒரே வார்த்தையால ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதியாச்சு. ஆடிட்டு இருந்த குடும்பங்கள் கணக்குலயே வரமாட்டாங்க. சரி, அதுக்குப் பதிலா 'அபகரித்தது'ன்னு போடலாமா? அதுவும் தீர்ப்புதான், எதிர்த் தரப்புக்கு. பல ஆய்வாளர்கள் அப்படித்தான் சொல்றாங்க, சொல்லட்டும், அவங்க பேரைப் போட்டு அவங்க கருத்துன்னு எழுதுங்க. மீட்புன்னு சொல்றவங்க பேரையும் போட்டு அதையும் எழுதுங்க. கட்டுரையோட சொந்தக் குரல்ல ரெண்டும் வரக் கூடாது. 'நிறுவனம் தொடங்கியது, கற்பித்தது, மாற்றியது' போதும். என்ன மாத்துச்சுன்னு சொல்லுங்க: மேடை, உடை, பாடத்திட்டம். படிக்கறவனுக்கு மூளை இருக்குன்னு நம்பணும், அதான் இதுல கஷ்டமான வேலை.

இப்ப 'சில காரணங்களால்' கட்சிக்கு வருவோம்.

2018 அக்டோபர்ல மீ டூ குற்றச்சாட்டுகள் வந்தப்ப மியூசிக் அகாதெமி அந்த வருஷ டிசம்பர் சீசன்ல இருந்து 7 கலைஞர்களை நீக்கியது. 2023 மார்ச்ல கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைன்னு புகார் சொல்லி வளாகத்துலயே உக்காந்து போராடினாங்க, ஏப்ரல்ல ஒரு ஆசிரியர் கைது ஆனார், நிர்வாகம் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில குழு போட்டது. எல்லாம் பத்திரிகையில வந்த செய்தி. இதைக் கட்டுரையில சேர்த்தா உடனே ஒரு குரல் வரும்: 'எண்பது வருஷப் பாரம்பரியத்துல இதெல்லாம் ஒரு சின்ன விஷயம், நடுநிலையா இருக்கணும்னா எடுத்துடுங்க.' கவனிச்சீங்களா, இங்க நடுநிலைங்கற வார்த்தையே துடைப்பமா மாறிடுச்சு. எடுக்கறது நடுநிலை ஆகாது. அந்த மாணவிகளும் அந்த நிறுவனம்தான். அவங்க இல்லாம அங்க என்ன இருக்கு, ஆலமரமா?

அதே சமயம் எதிர்ப்பக்கத்துக்கும் சொல்றேன். ஒரு நிறுவனத்தோட எண்பத்தேழு வருஷத்துக்கு நாலு வரி, 2023-க்கு நாப்பது வரின்னு எழுதினா அதுவும் கட்டுரை இல்லை, அன்னிக்கு நாளிதழ். சம்பவத்தை அது நடந்த வருஷத்துல வைங்க, குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டுன்னே சொல்லுங்க, யார் என்ன சொன்னாங்கன்னு போடுங்க. கடைசியில 'சர்ச்சைகள்'னு தனியா ஒரு குப்பைத்தொட்டி வெச்சு அதுல எல்லாத்தையும் கொட்டறது சோம்பேறித்தனம்.

2024 விவகாரம் இதுக்கு நல்ல பரீட்சை. மார்ச்ல டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதின்னு அறிவிப்பு வந்தது. பெரியாரை அவர் போற்றறதையும் கர்நாடக இசை உலகத்தைப் பத்தி அவர் சொன்னதையும் காரணமா சொல்லி ரஞ்சனி - காயத்ரி அந்த வருஷ மாநாட்டுல இருந்து விலகினாங்க, வேற சிலரும் விலகினாங்க. அகாதெமி தலைவர் அவங்க கடிதத்துக்குக் கண்டனமா பதில் எழுதினார். எம்.எஸ். பேர்ல இருக்கற விருதை கிருஷ்ணாவுக்குத் தரக் கூடாதுன்னு எம்.எஸ்.ஸோட பேரன் கோர்ட்டுக்குப் போனார், டிசம்பர்ல அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. நான் யார் பக்கம்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். இங்க, என் பதிவுல, வேணும்னா நாலாயிரம் வார்த்தை கத்துவேன். ஆனா கலைக்களஞ்சியத்துல எழுத உக்காந்தா மேல சொன்ன மாதிரிதான் எழுதணும், என் பக்கம் எதுன்னு எந்த வார்த்தையிலயும் தெரியக் கூடாது. எழுதிப் பாருங்க, கை நடுங்கும். விலகினாங்கன்னு எழுதறதா, புறக்கணிச்சாங்கன்னு எழுதறதா, மறுத்துட்டாங்கன்னு எழுதறதா? ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் ஆகும். பதிவுல நாம அந்த அரை மணி நேரத்தை என்னிக்குச் செலவழிச்சிருக்கோம்?

'இப்படி எழுதினா உப்புச்சப்பு இல்லாம இருக்குமே'ன்னு கேக்கறவங்களுக்கு 1941 கதையைச் சொல்றேன். அந்த வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாநாட்டுல கச்சேரிகள்ல தமிழ்ப் பாட்டுக்கு முக்கிய இடம் கொடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. மொழியைக் கொண்டு வந்து இசையோட தரத்தைக் குறைக்கக் கூடாதுங்கற கருத்துல அகாதெமி எதிர்த் தீர்மானம் போட்டது. கல்கி, டி.கே.சி. எல்லாம் தமிழிசைப் பக்கம் நின்னாங்க. 1943-ல ராஜா அண்ணாமலைச் செட்டியார் ஆதரவுல தமிழ் இசைச் சங்கம் உருவாச்சு, அதுவும் டிசம்பர்லயே விழா நடத்துது. நாலு வரி, ஒரு 'மாபெரும்' இல்லை. எந்த சினிமாவுல இவ்வளவு சூடு இருக்கு? ஒரு சபா பக்கத்துல இந்த நாலு வரியை விட்டுட்டு 'தமிழிசைக்கும் பெரும் தொண்டு ஆற்றியது'ன்னு எழுதறவர் தான் உப்பை எடுத்துக் கொட்டறவர்.

இதுவரைக்கும் விக்கிபீடியா விதிகளுக்கு வக்கீல் வேலை பார்த்துட்டேன். எனக்கும் அதுல ஒரு பொருமல் இருக்கு. ஒரு அமைப்புக்குத் தனிக் கட்டுரை வேணும்னா, அந்த அமைப்போட சம்பந்தம் இல்லாத, நம்பகமான வெளியீடுகள் அதைப் பத்தி விரிவா எழுதியிருக்கணும். நியாயமான விதிதான். ஆனா இதோட விளைவைப் பாருங்க. டிசம்பர் சீசன்ல மெட்ராஸ்ல ஒருத்தர் தொண்டை செருமினாக் கூட மறுநாள் இங்கிலீஷ் பேப்பர்ல விமர்சனம் வரும். செய்யாறு பக்கம் விடிய விடிய கூத்து ஆடற குழுவைப் பத்தி எந்த நிருபர் போய் எழுதினார்? புரிசை கண்ணப்பத் தம்பிரான் பேர் நமக்கெல்லாம் தெரியுதுன்னா அதுல 1977-ல கூத்துப்பட்டறையைத் தொடங்கின ந. முத்துசாமிக்குப் பெரிய பங்கு இருக்கு. அவர் கூத்தைப் போய்ப் பார்த்தார், அதைப் பத்தி அச்சுல எழுதினார். எழுதப்பட்டது நிக்குது. எழுதப்படாத குழுக்கள் எத்தனைன்னு கணக்கே இல்லை.

இதுக்கு நம்மாளுங்க கண்டுபிடிச்ச வழிதான் எனக்கு எரிச்சல். விதியே அநியாயம், அதனால நான் சான்று இல்லாம எழுதுவேன், அழிச்சா தமிழ் விரோதின்னு சண்டை போடறது. அய்யா, சான்று இங்கிலீஷ்லதான் இருக்கணும்னு எங்கயும் சொல்லலை. இங்கிலீஷ் விக்கிபீடியாவுலயே தமிழ்ப் புத்தகம், தமிழ்ப் பத்திரிகையை மேற்கோள் காட்டலாம். சிறுபத்திரிகையில வந்த ஒரு நல்ல கட்டுரை, பல்கலைக்கழக ஆய்வேடு, பழைய வார இதழ் பேட்டி, எல்லாம் உதவும். பக்கம் எண் போட்டுக் கொடுங்க. நம்மள்ல எத்தனை பேர் வீட்டுப் பரண்ல பழைய பத்திரிகை கட்டுக் கட்டா இருக்கு? செயலாளரோட சொந்தக்காரன் கட்டுரை எழுதறதை விட, ஊர்ல இருக்கற நாலு கலைஞர்களைப் பார்த்துப் பேட்டி எடுத்து ஒரு நல்ல பத்திரிகையில வர வெக்கறது ஆயிரம் மடங்கு பிரயோஜனம்.

செயலாளரோட சொந்தக்காரன்னு சொன்னது என்னைத்தான். அதுக்கு விக்கியில 'நலமுரண்'னு பேரே இருக்கு. காசு வாங்கிட்டு எழுதினா அதை வெளிப்படையா சொல்லியே ஆகணும்னு 2014-ல இருந்து பயன்பாட்டு விதி. காசு வாங்காட்டியும், சம்பந்தப்பட்டவங்க நேரா கட்டுரையில கை வைக்காம பேச்சுப் பக்கத்துல போய் 'நான் இன்னார், இந்தத் தகவல் இருக்கு, பாருங்க'ன்னு சொல்றதுதான் முறை. மாமா கிட்ட இதை விளக்கினேன். "அத்தை பையனா இருந்தா தப்பு, எவனோ முன்னப்பின்ன தெரியாதவன் எழுதினா சரியா?"ன்னார். ஆமா மாமான்னேன். போனை வெச்சுட்டார்.

ஆனா விஷயம் அதோட முடியலை. அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப அத்தை அந்த மஞ்சப்பையிலயே அடியில கிடந்த ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாங்க. சபாவோட வரவு செலவு நோட்டு, 1974-ல இருந்து. நீல மை, மாமாவுக்கு முன்னால இருந்த பொருளாளர் கையெழுத்து. பாட்டுக்கு இவ்வளவு, பிடிலுக்கு இவ்வளவு, மிருதங்கத்துக்கு இவ்வளவு. மைக் செட் வாடகை. பெட்ரோமாக்ஸ் லைட் 3. வித்வானுக்குப் பனங்கற்கண்டு. 'மழை, கூட்டம் இல்லை, பாதி சன்மானமே வாங்கிக்கொண்டார்.' ஒரு பக்கத்துல 'தவில் செட் - சாப்பாடு தனி' அப்படின்னு ஒரு வரி. தனின்னா என்ன அர்த்தம்னு அத்தையைக் கேட்டேன். அவங்க பதில் சொல்லலை. எனக்கும் அதுக்கு மேல கேக்கத் தோணலை. 140 பக்க மலர்ல இந்த நாலு வார்த்தைக்கு இடம் இருந்திருக்காது.

இந்த நோட்டை விக்கிபீடியாவுல சான்றா காட்ட முடியாது, அச்சுல வராத ஆவணம். மலரை வேணும்னா தொடங்கின வருஷம், நிர்வாகிகள் பேர் மாதிரி சாதாத் தகவலுக்குக் காட்டலாம், புகழுக்குக் காட்ட முடியாது. அதனால இப்போதைக்கு எங்க ஊர் சபாவுக்குக் கட்டுரை கிடையாது. நோட்டை மொத்தமா ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு பக்கத்தையும் தட்டச்சு பண்ணி, இசை வரலாறு தெரிஞ்ச ஒரு பேராசிரியர் கிட்ட கொடுக்கலாம்னு இருக்கேன். அவர் பார்த்து, எழுதி, எங்கயாவது அச்சுல வந்து, அதுக்கப்புறம் முன்னப்பின்ன தெரியாத எவனோ ஒருத்தன் கட்டுரை எழுதட்டும். நாலஞ்சு வருஷம் ஆகலாம். மாமாவுக்கு வயசு எழுபத்தொண்ணு.

நேத்து ராத்திரி போன் வந்தது. ஹலோ கூட இல்லை. "அந்த நோட்டுல 78, 79 ரெண்டு வருஷமும் இருக்காது. நாங்க பிரிஞ்சப்ப அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த வீட்டுப் பையன் உன் கூடப் படிச்சவன்தான், நீயே போய்க் கேளு. நான் கேக்க மாட்டேன்."

ஞாயித்துக்கிழமை போறேன்.